கண்ணுக்கு ரியூசன்

“இந்தப் பிள்ளையளுக்குப் பார்க்கத் தெரியாது.”

ஊர்காவற்றுறையில் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் கனகசபை மாஸ்டர் நாள் தவறாமல் சொல்லும் முறைப்பாடு இது. சந்தையிலும் சொல்லுவார், செத்த வீட்டிலும் சொல்லுவார்.

அவர் தனியாள் இல்லை, ஒரு இனம். விளக்கம் கொடுக்கும் இனம். ஒரு பிள்ளை ஒரு படத்துக்கு முன்னால் வாயைத் திறந்தபடி சும்மா நின்றால் இவர்களுக்குப் பொறுக்காது. ஓடிப்போய், தோளில் கை வைத்து, தொண்டையைச் செருமி, இது என்ன, இது எதைக் குறிக்கிறது, இதைக் கீறின ஓவியர் அன்றைக்கு என்ன நினைத்திருப்பார் என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, “இப்ப வடிவாப் பாரும்” என்பார்கள். இனி என்னத்தைப் பார்க்க?

போன மாதம் பிரியவதனி என்றொரு ஓவியப் பிள்ளை யாழ்ப்பாணத்திலிருந்து தன் படங்களைக் கொண்டுவந்து எங்கள் பொது மண்டபத்தில் மாட்டினாள். எல்லாம் நவீன ஓவியம். முகமும் இல்லை, மரமும் இல்லை, நிறமும் கோடும்தான். எந்தப் படத்தைப் பற்றிப் பிள்ளைகள் மனம்விட்டுக் கதைக்கிறார்களோ அதை இங்கேயே விட்டுப் போவேன் என்றாள். என் மகள் நிலாந்தினிக்கு யன்னலடியில் இருந்த மஞ்சள் படம்தான் வேண்டும். சாப்பிடக் கூப்பிட்டாலும் அந்தப் படத்தின் கதைதான்.

மாஸ்டர் விடுவாரா? படம் பார்க்க ரியூசன் வகுப்பு வைத்தார். மாட்டியிருந்த வரிசைப்படி முதலாம் படம், இரண்டாம் படம் என்று நோட்ஸ் கொடுத்துப் பாடமாக்க வைத்தார். நான் சமைக்கும்போது என் குசினிக்குள்ளும் மகளின் முணுமுணுப்புத்தான்.

“அம்மா, மஞ்சள் படத்துக்குத் ‘தனிமை’ எண்டு சொல்லவேணுமாம்.”

“உனக்கு அப்பிடியோ தெரியுது?”

“இல்லை. ஆனா பிழையாச் சொன்னா படம் கிடையாதாம்.”

பிள்ளைகள் படங்களைப் பற்றிக் கதைக்கிற நாள் வந்தது. யன்னல் வெயில் படுகிறதென்று பிரியவதனி காலையில் மஞ்சள் படத்தைக் கழற்றி, வாசலடியில் முதலாவதாக இருந்த சிவப்புப் படத்தின் இடத்தில் மாட்டிவிட்டாள். நோட்ஸுக்கு அது தெரியுமா? பிள்ளைகள் வரிசையாக வந்து, மஞ்சள் படத்துக்கு முன்னால் கை கட்டி நின்று, ஒரே குரலில் சொன்னார்கள்: “இதிலுள்ள சிவப்பு மனிதனின் கோபத்தைக் குறிக்கிறது.”

சிவப்பு மருந்துக்கும் இல்லை.

பிரியவதனி படத்தைப் பார்த்தாள், பிள்ளைகளைப் பார்த்தாள். “எனக்குச் சிவப்புத் தெரியேல்லையே. ஆருக்குத் தெரியுது?”

“தங்கச்சி, நீர் இடத்தை மாத்திப் போட்டீர். பிள்ளையள் சரியாத்தான் சொல்லுதுகள்,” என்றார் மாஸ்டர்.

பிழை படத்திலாம்.

படம் கையை விட்டுப் போய்விட்டது என்றே நிலாந்தினி நினைத்தாள். கண் கலங்கிவிட்டது. மெதுவாகச் சொன்னாள்: “அக்கா, எனக்கு இதைப் பார்க்கப் பல்லுக் கூசுது.”

“அது விடை இல்லை, பிள்ளை,” என்றார் மாஸ்டர்.

“எந்தப் பல்லு?” என்று கேட்டபடி பிரியவதனி நிலத்தில் சப்பாணி கட்டி இருந்துவிட்டாள்.

பிறகென்ன, கட்டின கைகள் எல்லாம் அவிழ்ந்தன.

“எனக்கு நெஞ்சுக்க சுடுது.”

“எங்கட அம்மா கத்தேக்க இப்பிடித்தான் இருக்கும்.”

“எனக்கு ஒண்டும் வரேல்லை. ஆனா போகவும் மனமில்லை.”

மஞ்சள் படம் எங்கள் மண்டபத்துக்கே கிடைத்தது.

மாஸ்டர் திருந்தினார் என்றா நினைக்கிறீர்கள்? அடுத்த நாளே புது நோட்ஸ்: “முதலாம் படம். இதைப் பார்க்கும்போது பல் கூச வேண்டும்.” மற்றப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இப்போது வரிசையாக வந்து கன்னத்தைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்கள். ஒன்றுக்கும் கூசுவதில்லை. கூசாத பிள்ளைக்குப் பேச்சு விழுகிறது.

“இப்ப எனக்கும் கூசுதில்லை அம்மா,” என்றாள் நிலாந்தினி. “அவையெல்லாம் போனாப்பிறகு தனியப் போய்ப் பாக்கவேணும்.”

நீங்களும் போய்ப் பாருங்கள். மண்டபம் பகலில் திறந்திருக்கும். யாழ்ப்பாண பஸ் வாசலிலேயே நிற்கும். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். படத்துக்குப் பக்கத்தில் மாஸ்டர் கதிரை போட்டு இருப்பார். போகிற வழியில், பிள்ளைக்கு என்ன சொல்லிக் கொடுக்கலாம் என்று யோசித்துக்கொண்டு போகிறீர்களா? அப்படியென்றால் நிற்க வேண்டாம். அவருக்குப் பக்கத்தில் இன்னொரு கதிரை வெறுமையாகத்தான் கிடக்கிறது.