வலது பக்கத்து சோப்பு

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதுவது. இங்கே நான் நலம், என் நெஞ்சுத் தோலுக்கடியில் குடியிருக்கும் பேஸ்மேக்கரும் நலம். உன் நலத்தைப் பற்றித்தான் உன்னைத் தவிர எல்லாரும் கவலைப்படுகிறோம்.

நகைக்கடையில் நெக்லஸ் காட்டிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்தாயாம். பேஸ்மேக்கர் வைக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லியும், "கழுத்துக்குக் கீழ மேடா தெரியும், அப்புறம் எந்த நகையை நான் போட்டுக் காட்டறது?" என்று மறுத்துவிட்டாயாம். கேட்டதும் எனக்கு வந்த கோபத்தில் இதயம் தானாகவே தடதடவென்று அடித்துக்கொண்டது, பேஸ்மேக்கருக்கு அன்று விடுமுறை. அழகாம் அழகு! வாங்க வருகிறவர்கள் உன் கழுத்தையா பார்க்கிறார்கள்? விலைச்சீட்டைப் பார்க்கிறார்கள். என்னைப் பார். நீச்சல் பயிற்சியாளன், சட்டையில்லாமல் நிற்பதே உத்தியோகம். நான் கொஞ்சமாவது கூச்சப்பட்டேனா? இப்போது முழுக்கைச் சட்டையோடு பாடம் நடத்துகிறேன் என்றால் அது வெயிலுக்காக. குளம் கட்டடத்துக்குள்தானே இருக்கிறது என்று குறுக்கே பேசாதே. என்னிடம் நீச்சல் பழகும் ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர் ஒருத்தர் தண்ணியில தத்தளிச்சுக்கிட்டே, "மாஸ்டர், நீங்க எப்பத்தான் இறங்குவீங்க?"ன்னு கேக்கறார். "மொதல்ல நீங்க ஏறப் பாருங்க"ன்னுட்டேன்.

சட்டை போட்டும் இடது பக்கம் மட்டும் புடைப்பாகத் தெரிந்தது. இது கூச்சமல்ல, பார்க்க ஒரு ஒழுங்கு வேண்டாமா? ஹோட்டல் அறையில் கொடுப்பார்களே குட்டி சோப்பு, அதில் ஒன்றை வலது பக்கம் பிளாஸ்திரி போட்டு ஒட்டிக்கொண்டேன். இரண்டு பக்கமும் சமம், ஆள் கம்பீரமாகவே இருந்தேன். அப்படியே போன வாரம் பேஸ்மேக்கரைச் சோதிக்க ஆஸ்பத்திரிக்குப் போனதுதான் வினை. சட்டையைக் கழற்றச் சொன்னாள் அங்கிருந்த பெண். சட்டைக்கு மேலேயே வைத்துப் பாருங்கள் என்று நான் முறைத்தேன். அவள் தடவிப் பார்த்து, கைக்குக் கிடைத்த முதல் மேட்டின் மேல் கருவியை வைத்தாள். கருவி கப்சிப். அவள் முகம் வெளுத்துவிட்டது. டாக்டர் ஓடி வந்தார், அவரும் வைத்துப் பார்த்தார். நமக்கு உயிரே போயிடுச்சோன்னு எனக்கே சந்தேகம், வேர்த்துக் கொட்டுது. அப்ப அந்தப் பொண்ணு, "டாக்டர், நுரை வருது! பேட்டரி கசியுது!"ன்னு ஒரே கூச்சல். டாக்டரே சட்டையைத் திறந்து, சோப்பை உரிச்செடுத்து மோந்து பார்த்துட்டு, "இது எத்தனை வருஷம் உழைக்கும்னு சொன்னாங்க?"ன்னு கேக்கறார்! அவரெல்லாம் ஒரு டாக்டரு.

உன் அண்ணி கூடவே நின்றிருந்தாள். குளிருக்காகத்தான் நான் சட்டையோடு படுக்கிறேன் என்று அதுவரை நம்பியிருந்தவள். பஸ்ஸில் தனி ஸீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். வீட்டுக்குள் வந்ததும், "எங்கிட்ட கூடவா?" என்றாள். அவளுக்கு எதையும் பெரிதுபடுத்துகிற வழக்கம்.

ஆகவே தங்கச்சி, இந்த வெட்கமெல்லாம் நம் குடும்பத்துக்கே கிடையாது, உனக்கு மட்டும் எங்கிருந்து வந்தது? உடனே ஆபரேஷனுக்குச் சம்மதம் சொல். அத்தாட்சிக்கு, குளக்கரையில் சட்டையில்லாமல் நிற்கும் என் போட்டோவை இத்துடன் வைத்திருக்கிறேன். உற்றுப் பார்த்தாலும் மேடு தெரியாது. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். நீண்ட ஆயுளோடு இருந்து என்னோடு இன்னும் நிறைய சண்டை போடுவாயாக.

அன்புள்ள அண்ணன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் உன் அண்ணி கடிதத்தைப் படித்துவிட்டாள். "மேடு எப்படித் தெரியும்? இது ஆபரேஷனுக்கு முன்னாடி எடுத்ததாச்சே!" என்று அந்தப் போட்டோவைப் பிடுங்கிக்கொண்டாள். என்னை ஜன்னலோரம் நிறுத்தி வேறொன்று எடுத்து, கடையில் பிரிண்ட் போட்டு வந்து உள்ளே வைத்திருக்கிறாள். சட்டையும் இல்லை, சோப்பும் இல்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு நிற்கிறேன், மேடு நன்றாகத் தெரிகிறது. மேலே எழுதியதெல்லாம் பொய். எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது, கண்ணாடி பார்த்தே மாசக்கணக்காச்சு. ஆனா உயிரோட இருந்து கூச்சப்படறேன். நீ இந்தப் போட்டோவைப் பார்த்து எவ்வளவு வேணா சிரி, சிரிச்சுட்டு ஆஸ்பத்திரிக்குப் போ. எனக்கு இருக்கறது நீ ஒரே ஒரு தங்கச்சி.