சதாசிவம் வைத்த சர்வர்

சதாசிவம் ஒரு சபதம் எடுத்தார். டயட் டாக்டர் ஷ்வேதா அனுப்பும் ஒரு வரிகூட இனி தன் டெல்லி துவாரகா ஃபிளாட்டுக்குள் நுழையக் கூடாது.

சதாசிவத்தின் ரத்தத்தில் சர்க்கரை ஏறியதிலிருந்து, டாக்டரம்மா வாராவாரம் மெயிலில் சாப்பாட்டு அட்டவணை அனுப்பிவந்தார். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் யாரும் மதிப்பதில்லையாம். மனைவி இந்திராணி அதை ஃபிரிட்ஜில் ஒட்டுவாள். திங்கள் சுரைக்காய். செவ்வாய் சுரைக்காய் சூப். புதன், திங்களில் மிஞ்சியது.

சதாசிவம் குருகிராம் கம்பெனி ஒன்றில் மெயில் சர்வர்களைக் கட்டி மேய்ப்பவர். வீட்டிலும் செருப்பு அலமாரிக்குள் ஒன்று வைத்திருந்தார். குடும்பத்து மெயிலெல்லாம் அதன் வழியாகத்தான் வரும். அதற்கு ஒரு காவல் போட்டார். அனுப்பும் மெஷின் என்ன பேர் சொன்னாலும் நம்பாது. அந்த மெஷினின் இன்டர்நெட் நம்பரை வைத்து நிஜப் பேரைத் தானே திருப்பித் தேடும். நம்பகமான பேர் என்றால் கேள்வியில்லாமல் உள்ளே விடும். மற்றதெல்லாம் வாசலோடு சரி. பேங்க் நம்பகம். கரண்ட் ஆபீஸ் நம்பகம். ஷ்வேதா இல்லை.

இரண்டு வாரம் பூரி மணத்தது.

"ஏங்க, டாக்டர் அனுப்பின மெயில் திரும்பிப் போயிடுச்சாம். 'அனுமதி இல்லை, இப்படிக்கு சதாசிவம்'னு."

"நான் இல்லை இந்திரா, சர்வர்!"

"ஹோட்டல் சர்வர் கேட்டதைக் கொண்டுவருவான். உங்க சர்வர் வந்ததைத் திருப்பி அனுப்பறானா?"

"ஊர் பூரா ஃபிராடு. நம்பகமானவங்களை மட்டும்தான் விடும்."

"அச்சா! உங்க ஆபீஸை விடுமா?"

"என் ஆபீஸாச்சே! எது வந்தாலும் விடும்."

இந்திராணி அவர் தட்டைப் பார்த்தாள். "உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா இந்த ஊர்ல எனக்கு யாருங்க?" என்றாள்.

பூரி தொண்டையில் நின்றது. கொஞ்ச நேரம்தான். அப்புறம் இறங்கிவிட்டது.

மறுநாள் அவள் காமாக்ஷிக்குப் போன் போட்டாள். காமாக்ஷியின் கணவர் ராமசுப்ரமணியன்தான் சதாசிவத்தின் மேலதிகாரி. அவருக்கும் சர்க்கரை.

சனிக்கிழமை ஆபீஸ் சர்வரிலிருந்து ஒரு மெயில் ராஜநடை போட்டு உள்ளே வந்தது.

"சதாசிவம், என்னையும் டாக்டர் ஷ்வேதாவிடம் சேர்த்துவிட்டார்கள். இனி அட்டவணை என் மூலம் வரும். திங்கள் முதல் மத்தியானம் என் ரூமில் ஒன்றாகச் சாப்பிடுவோம். சுரைக்காய்க் கூட்டு உங்கள் மனைவி இருவருக்குமாகக் கொடுத்தனுப்புவார். ராமசுப்ரமணியன்."

நம்பகப் பட்டியலிலிருந்து ஆபீஸ் பேரை அடித்துவிடலாமா என்று சதாசிவத்தின் விரல் துடித்தது. 'அனுமதி இல்லை, இப்படிக்கு சதாசிவம்' என்று மேலதிகாரிக்கே திரும்பிப் போனால்? விரல் அடங்கியது.

"ரொம்ப சந்தோஷம் சார். உப்பாவது கொஞ்சம் தாராளமாகப் போடச் சொல்லலாமா?" என்று எழுதினார்.

லேப்டாப்பை மூடுவதற்குள் டாக்டரின் பதில், மேலதிகாரி வழியாக, எந்தத் தடையும் இல்லாமல் வந்து சேர்ந்தது: "கூடாது."