அடகுக்கடை முஃப்தி

மலேசியாவின் கோத்தபாருவில் ஹலால், ஹராம் பார்க்காதவர் கிடையாது. ஆனால் எதிராளியிடம் மட்டும் ஹராம் தேடும் ஓர் இனம் உண்டு, வாசகரே. அதில் முதல்தரச் சரக்கு வான் தர்மிசி. மனைவி மெக் யா சந்தையில் கருவாடு விற்கிறாள். இவர் தேநீர்க் கடையில் மார்க்கம் பேசுகிறார். உழைப்பைச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்ட குடும்பம்.

அன்று மெக் யாவின் தங்க வளையல் இவர் சட்டைப்பையில் இருந்தது. மெருகு போட்டுத் தருவதாகச் சொல்லி வாங்கியது. நடுப்பகல் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்குள் பணம் கொடுத்தால், போட்டியில் பரிசு வாங்கிய பாடும் புறா இவருக்கு. தவறினால் அது எதிர்வீட்டுக்காரனிடம் போய்விடும். வளையலை அடகு வைக்க ஓட்டமாய் வந்தார். அதற்காக, இஸ்லாமிய அடகுக்கடையைச் சோதிக்காமல் விட முடியுமா?

"ஏம்மா, வட்டி உண்டா?"

"இல்லைங்க பாக்சிக். நகையப் பத்திரமா வைக்கிறதுக்குக் கூலி மட்டுந்தான்," என்றாள் கவுண்டரில் இருந்த சுஹைலா. பாக்சிக் என்றால் அவ்வூரில் மாமா.

"கடன் கூடினா கூலியும் கூடுமா? கூடினா அது வேஷங்கட்டுன வட்டி!"

"நகை மதிப்புக்குத்தான் கூலி. நீங்க நூறு வாங்குனாலும் ஆயிரம் வாங்குனாலும் ஒண்ணுதான்."

அடங்குவாரா? பெட்டகத்தின் பூட்டை விசாரித்தார், ஏலத்தில் மிஞ்சும் காசு யாருக்கு என்று கேட்டார், சுவரில் மாட்டியிருந்த அறிஞர் குழுவின் சான்றிதழைக் கண்ணாடி மாற்றிப் படித்தார், கையெழுத்துகளை எண்ணினார், ஒன்று கோணலாக இருக்கிறதே என்று கவலைப்பட்டார், அதற்குள் வரிசை வாசலைத் தாண்டியிருந்தது. மார்க்கம் என்றால் சும்மாவா?

"சரி, திருப்தி. எடை போடு."

"ஒரே ஒரு கேள்வி பாக்சிக். இதுவும் ஷரியா நிபந்தனைதான். நகை உங்களுதா?"

"வீட்டு நகைம்மா."

"வீட்டுல யாருது?"

வரிசையிலிருந்து ஒரு மீன்காரி எட்டிப் பார்த்தாள். "அட, நம்ம மெக் யா வளையலு! மெருகுக்குப் போயிருக்குன்னாளே!"

"அப்ப அவங்க சம்மதம் வேணும்," என்றாள் சுஹைலா. "சந்தை எதிர்லதானே? ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்களேன்."

"கேட்டா குடுக்க மாட்டாளே!"

வாய் தவறி வந்துவிட்டது. வரிசையே குலுங்கிச் சிரித்தது. வெளியே பாங்கு கேட்டது. புறா போனது போனதுதான். மீன்காரி அதற்குள் சந்தைப் பக்கம் பாதித் தூரம் ஓடியிருந்தாள்.

நீங்களும் சிரித்தீர்கள் அல்லவா? நல்லது. கடைசியாக உங்கள் வீட்டம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனபோது, அவளிடம் கேட்டீர்களா, இல்லை, சொன்னீர்களா?