பருந்தக்காவும் போர் விமானமும்

பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, தி.நகர் ஜவுளிக்கடையில் புடவை மடித்துக்கொண்டிருந்தவன் நான். வாடிக்கையாளரிடம் விலை சொல்லவே கூச்சப்படுகிறவன், பத்திரிகையில் எழுத வந்ததற்கு முதலில் மன்னித்துவிடுங்கள்.

போர் விமானமே ஒரு ஆளிடம் வழிவிடச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறது என்றால், அது எங்கள் பட்டினப்பாக்கம் பருந்தக்காவிடம்தான். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. தொண்ணூறுகளில் கடற்கரையோரம் மீன் கடை போட்டிருந்தாள். மீன் குடலை எடுத்து, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் மேலே வீசுவாள். அது கீழே விழுந்து நான் பார்த்ததில்லை. சென்னையில் உள்ள பருந்தெல்லாம் அவள் தலைக்கு மேல்தான் குடியிருந்தன. யாராவது அதிகமாகப் பேரம் பேசினால், ஒரு துண்டை அவர் தலைக்கு மேலாக வீசுவாள். பருந்து காதோரம் இறங்கியதும் பேரம் முடிந்துவிடும்.

மெரினாவில் விமான சாகசம் என்றதும் அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"நைனா, உங்க கடையில பளிச்சினு ஒரு பொடவ எடுத்தாந்து குடு. மேலருந்து பாத்தா ஓட்டறவனுக்கு நான் தெரியணும்."

யாரும் வாங்காமல் கிடந்த ஆரஞ்சு நிறத்தில் ஒன்று கொண்டுவந்து கொடுத்தேன்.

ஒத்திகை நாளில், பறவைகள் வரக்கூடாது என்று மீன் கடைகளை மூடச் சொன்னார்கள். மூடினார்கள். தீனி கிடைக்காத பருந்துகள் அக்காவைத் தேடி வானம் முழுக்க வட்டமடித்தன. வந்த விமானம் கரையை நெருங்காமலே திரும்பிப் போய்விட்டது.

சாகச நாள் காலையில் சப்-இன்ஸ்பெக்டர் ஓடி வந்தார்.

"ஏம்மா, உன் பருந்துங்கள வேற பக்கம் போகச் சொல்லேன்."

"சொன்னா கேக்கறதுக்கு அதுங்க இன்னா உன் கான்ஸ்டபிளா சார்? என் கூடை எங்க கீதோ அங்கதான் வரும். இம்மாம் பெரிய ஏரோப்ளேனு, ஒரு பட்சிக்கா பயப்படுது?"

"ஒண்ணு இன்ஜின்ல பூந்தா போதும்மா, விழுந்துடும். உள்ள ஆளு இருக்கான்."

அக்கா புதுப் புடவையைத் தடவிக்கொண்டாள். "கூடையோட நான் அந்தாண்ட போய்ட்டா, ஏரோப்ளேன எப்ப சார் பாக்கறது?"

சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றித் துடைத்தார்.

"யாரு பெத்த புள்ளையோ" என்றபடி கூடையைத் தலையில் ஏற்றினாள் அக்கா. மேற்கே நடந்தாள். நானும் கூடவே போனேன். ராஜா அண்ணாமலைபுரத்துத் தெருவில் ஆரஞ்சுப் புடவை முன்னே, பருந்துப் படை மேலே. ஒரு மொட்டை மாடியிலிருந்து மாமி அலறினாள்.

"ஏம்மா, மாடியில வடாம் காயறது! இதுகளைக் கூட்டிண்டு வேற தெருவால போயேன்!"

"பயப்படாத மாமி! வடாம மோந்துகூட பாக்காது. சுத்த அசைவம்!"

தெருமுனையில் அக்கா என்னைத் துரத்தினாள். "ஓடு நைனா, ஆரம்பிச்சிடப் போறான். நல்லா பாத்து வை. எனுக்குச் சொல்லணும்."

விமானம் வந்தது. சத்தம் வந்து சேர்வதற்குள் அது போய்விட்டது. திரும்பி வந்து செங்குத்தாக ஏறியது, தலைகீழாகப் புரண்டது. கூட்டம் கத்தியது. நான் மட்டும் பரீட்சைக்குப் படிப்பவன்போல மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். வானத்தில் ஒரு பருந்துகூட இல்லை.

மறுநாள் காலை மீன் வாங்கப் போனேன். "எப்டி பறந்துச்சி?" என்றாள் அக்கா. பையைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, சத்தமும் போட்டுக்கொண்டு, மீன் கடைகளைச் சுற்றி ஓடினேன். மணலில் ஒருமுறை புரண்டும் காட்டினேன்.