அல்பஸ்லானைப் பட்டாளத்தில் சேர்த்துக்கொள்ளும்படி மச்சானுக்கு எழுதியது

சம்சுன்

பெருமதிப்பிற்குரிய மச்சான், ஓய்வுபெற்ற கர்னல் ஹல்தூன் அவர்களுக்கு, தங்கள் தங்கை நெஸிஹேயின் கணவனும் ஓய்வுபெற்ற மினிபஸ் ஓட்டுநருமான நூரெத்தின் மிகுந்த பணிவுடன் எழுதுவது. அங்காராவில் தாங்களும் அக்காவும் சுகமாக இருக்க இறைவனை வேண்டுகிறேன். இங்கும் எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பேனா நகரவில்லை.

தங்கள் மருமகன் அல்பஸ்லானுக்குப் பட்டாளத்து அழைப்பு வந்தது தங்களுக்குத் தெரியும். மாவீரன் பெயரை வைத்து வளர்த்த பிள்ளை, இன்ஜினியர் படிப்பையும் முடித்துவிட்டான், இனி என்ன, மேளம்தான், விருந்துதான் என்று நான் பூரித்திருந்த வேளையில், சாப்பாட்டு மேசையில் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அப்பா, நான் பட்டாளத்துக்குப் போறேன். ஆனா அங்க கேட்டா பொய் சொல்ல மாட்டேன்" என்றான். "என்னடா பொய்?" என்றேன். "எனக்குப் பொண்ணுங்க மேல நாட்டம் இல்லப்பா. ஆம்பளைங்களத்தான் பிடிக்கும். அம்மாவுக்குத் தெரியும்." நெஸிஹே தலை நிமிராமல் சூப் ஊற்றிக்கொண்டே இருந்தாள். அவளுக்குத் தெரியும், மகளுக்குத் தெரியும், சட்டியிலிருந்த சூப்புக்குக்கூடத் தெரிந்திருக்கும் போல, வீட்டுத் தலைவன் எனக்குத்தான் தெரியவில்லை. கத்தினேன், நாற்காலியை உதைத்தேன், கால் விரல் வீங்கியது, வீங்கிய விரலுக்கு அவனே ஐஸ் வைத்துக் கட்டினான், கட்டும்போதும் நான் கத்திக்கொண்டுதான் இருந்தேன். கடைசியில் தொண்டை கட்டிப்போய், "சரி, சொல்லித் தொலை. சொன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. தப்பிக்கிறதுக்குச் சில பேர் பொய்யாவே இதைச் சொல்றாங்களாமே" என்றேன். "தப்பிக்கிறவன் சொல்லட்டும்ப்பா. நான் சேர்றதுக்குச் சொல்றேன்" என்றான்.

ராணுவ ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். தனியாக விட மனம் வரவில்லை. மனநல மருத்துவர் ஒரு மேஜர், இஸ்திரி கலையாத மனிதர். "இதைச் சொல்ற பயலுங்க எல்லாம் வீட்டுக்கு ஓடத்தான் சொல்வாங்க. உனக்கு என்ன வேணும்?" என்றார். "சேரணும் கமாண்டர்." "அப்புறம் ஏன்டா சொன்னே?" "நீங்க கேட்டீங்க கமாண்டர்." மேஜர் என்னைப் பார்த்தார், நான் சுவரைப் பார்த்தேன். "வாயால சொன்னாப் போதாது. நிரூபிக்கணும். படம் இருக்கா?" என்றார். உடனே நான் பர்ஸைத் திறந்து படத்தை எடுத்து நீட்டினேன். சுன்னத்து அன்றைக்கு எடுத்தது மச்சான், வெள்ளைத் தொப்பியில் இறகு, தோளில் அங்கி, கையில் செங்கோல், தாங்கள்கூட ஓரத்தில் நிற்கிறீர்கள். மேஜர் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கதவோரம் நின்ற சிப்பாய் முதுகைத் திருப்பிக்கொண்டான், அவன் தோள் மட்டும் குலுங்கியது. "அப்பா, அவங்க கேக்கறது அந்தப் படம் இல்ல" என்றான் அல்பஸ்லான் மெதுவாக. "வேற என்ன படம்டா?" கேட்ட பிறகுதான் எனக்குப் புரிந்தது, ஓர் ஆணோடு அந்தரங்கமாக இருக்கும் படத்தைக் கேட்கிறார் என்று. எழுந்து நின்றுவிட்டேன். "டாக்டர் ஐயா, உங்களுக்குப் பொண்ணுங்களத்தான் பிடிக்கும்னு நீங்க எந்தப் படத்தைக் காட்டிச் சேர்ந்தீங்க?"

இன்றைக்கு அப்பனையும் பிள்ளையையும் ஒரே அறையில் பூட்டப்போகிறார்கள் என்று நினைத்தேன். மேஜர் பேனாவை மூடினார். "இவன் இருந்தா மத்த பசங்களோட கட்டுப்பாடு கெட்டுப்போகும், பெரியவரே." "சரிகாமிஷ் பனியில நான் சிப்பாயா காவல் நின்னப்போ எங்க கட்டுப்பாட்டைக் கெடுத்தது தினம் போட்ட பீன்ஸ்தான் ஐயா. அதை யாரும் பட்டாளத்தை விட்டு அனுப்பல" என்றேன். "வெளிய போங்க" என்றார். போனோம். தகுதியற்றவன், மனநோய் என்று எழுதிவிட்டார்கள்.

இதைத் தெருவில் எப்படிச் சொல்வது என்று நான் தயங்கித் தயங்கி நாளைக் கடத்தியதில், வழியனுப்பு நாளே வந்துவிட்டது. கார்களில் கொடி, ஹாரன், ஸுர்னாக் குழல், மேளக்காரர் செலாமி, கறிக்கடை முஸாபர், தெருப் பிள்ளைகள் எல்லோரும் வாசலில். நெஸிஹே அவன் உள்ளங்கையில் பட்டாளத்துக்குப் போகிறவனுக்கு வைக்கும் மருதாணி வேறு வைத்திருந்தாள், ஏன் என்று கேட்டதற்கு "என் பிள்ளை, வைப்பேன்" என்றாள். அவனைத் தோளில் தூக்க வந்தார்கள். அவன் அவர்கள் கையைத் தடுத்துப் படியில் நின்று, "என்னை எடுத்துக்கல. நான் இப்படின்னு சொன்னேன், எடுத்துக்கல" என்று, இப்படி என்றால் எப்படி என்பதையும் வாய்விட்டே சொன்னான். செலாமியின் குச்சி அந்தரத்தில் நின்றது. "அப்போ கொடி கட்டிக்கிட்டு யாரை வழியனுப்ப வந்தோம்? த்தூ!" என்று முஸாபர் காரைத் திருப்பினார். பின்னாலேயே மற்ற கார்கள். எவன் கல்லை எடுப்பான் என்று கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். செலாமி மட்டும், "நூரெத்தின் அண்ணே, வாசிக்கவா, போகவா?" என்றார். மாடியிலிருந்து நெஸிஹே, "வாசிய்யா!" என்று கத்தினாள். வாசித்தார். மிஞ்சியவர்கள் ஒரு கை விரலுக்குள் அடக்கம். ஆட யாரும் இல்லாததால் நான் ஆடினேன். எனக்கு ஆடத் தெரியாது என்பது தங்கள் தங்கையின் கல்யாணத்திலேயே தாங்கள் பார்த்தது.

மச்சான், பெருநாள் விருந்தில் "அந்த மாதிரி ஆளுங்களோட ஒரே பதுங்குகுழியில எவன் படுப்பான்?" என்று தாங்கள் கேட்டபோது தங்களுக்கு ரொட்டி பிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தவன் இவன்தான். அந்தப் பெரிய பூகம்பத்தில் கல்லூரியிலிருந்து ஓடிப்போய் நகம் பிய்ந்துபோக இடிபாட்டைத் தோண்டினானே, அடியில் கிடந்த ஒருவராவது, நீ யாரை விரும்புகிறவன், முதலில் சொல், பிறகு கையைக் கொடுக்கிறேன் என்றாரா? மேல் குழுவுக்கு முறையீடு அனுப்பியிருக்கிறோம். அங்கே தங்களுக்குப் பழக்கமானவர்கள் இருக்கிறார்கள். இவன் எங்கள் பையன், இருக்கிறபடியே சேர்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். கர்னல் சொன்னால் கேட்பார்கள்.

தங்கள் கைகளை முத்தமிட்டு, அக்காவுக்கு எங்கள் சலாமும், பேரப்பிள்ளைகளின் கண்களுக்கு முத்தமும் சொல்லி, தங்கள் நிழல் எங்கள் மேல் குறையாதிருக்க வேண்டி,

தங்கள் அன்பு மைத்துனன்
நூரெத்தின்

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். இப்போதுதான் மேல் குழுவிலிருந்து தகவல் வந்தது. அவன் சொன்னது நிரூபணமாகவில்லையாம், ஆகவே தகுதியானவனாம், கிழக்கு எல்லையில் முகாம். ஆனால் சொன்னது சொன்னதாகவே அவன் கோப்பில் கூடப் போகிறது. அவன் போய்ச் சேரும் முன்பே அங்கே எல்லோருக்கும் தெரிந்திருக்கும். பயல் என்னைத் தூக்கிச் சுற்றினான். நெஸிஹே என்னைப் பார்த்து, "ஜெயிச்சுட்டீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மச்சான், மேலே எழுதியது அத்தனையையும் அடித்துவிடுங்கள். இதை எப்படியாவது நிறுத்த முடியுமா? இல்லை, நிறுத்த வேண்டாம், நான்தான் செய்தேன் என்று கண்டுபிடித்துவிடுவான், பிறகு என் முகத்தில் விழிக்க மாட்டான். அந்த முகாமின் தளபதி எப்படிப்பட்டவர் என்று மட்டும் விசாரித்து எழுதுங்கள். நல்லவர் என்றால் உடனே எழுதுங்கள். இல்லையென்றால் பொய்யாவது எழுதுங்கள், நெஸிஹேவுக்குப் படித்துக் காட்ட வேண்டும்.