விமானத்துக்குள் விளக்குமாறர்

யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வதற்கென்றே பிறந்த ஓர் இனம் நம்மிடையே உலவுகிறது. கேட்டவருக்கும் கேட்காதவருக்கும், ஓடுகிறவரைப் பிடித்து நிறுத்தியும், எதையாவது விளக்குமாறு விதிக்கப்பட்டவர்கள் என்பதால் இவர்களை விளக்குமாறர் என்று அழைக்கலாம். வீடு பெருக்கும் விளக்குமாற்றோடு இவர்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது வேலை முடிந்ததும் மூலையில் பேசாமல் சாய்ந்திருக்கும்.

பஸ் நடுவழியில் நின்றால், டிரைவர் கீழே இறங்குவதற்குள் விளக்குமாறர் கோளாறு எங்கே என்று நாலு பேருக்குச் சொல்லி முடித்திருப்பார். ஆஸ்பத்திரிக்குப் போனால் தமக்கு வந்திருக்கும் காய்ச்சலின் வரலாற்றை டாக்டருக்கே எடுத்துரைப்பார். சாவு வீட்டுக்குப் போனாலும், எந்த மாத்திரையை எந்தக் கிழமை கொடுத்திருந்தால் இறந்தவர் இந்நேரம் எழுந்து காபி குடித்துக்கொண்டிருப்பார் என்று சொல்லிவிட்டுத்தான் மாலையைப் போடுவார். அவர் வாயிலிருந்து ‘தெரியாது’ என்ற சொல் வந்து நீங்கள் கேட்டதுண்டா? வந்தாலும் சும்மா வராது. ஏன் தெரியாது என்பதற்கு அரை மணி நேரம் ஆகும்.

ஏற்காட்டில் இந்த இனத்தின் குறையில்லாத மாதிரி என்று மரியதாஸைச் சொல்ல வேண்டும். செம்மநத்தம் பக்கத்தில் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். நல்ல மனிதர்; குடிக்க மாட்டார், கடன் வாங்க மாட்டார், கோபிக்க மாட்டார். பேசுவார். இருபத்தாறு வருடமாக அவரோடு குடித்தனம் செய்துவந்த செல்வமேரி, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே சரியான இடங்களில் “ஆமாங்க” போடக் கற்றுக்கொண்டிருந்தாள். தன் காதைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. மகள் லூர்துசெல்வியைப் பற்றித்தான் கவலை.

லூர்துசெல்விக்கு இருபத்துநான்கு வயது. மிஷன் மருந்தகத்தில் நர்ஸ். பார்க்க லட்சணமான பெண். இரண்டு வரன்கள் வந்தன. முதலில் வந்தவர் ஆத்தூர்க்காரர், தபால் இலாகாவில் இன்ஸ்பெக்டர். கடிதங்களை எப்படிப் பிரித்தால் சீக்கிரம் போய்ச் சேரும் என்று மரியதாஸ் அவருக்கு இரண்டு மணி நேரம் கற்றுக்கொடுத்தார். அடுத்து வந்தவர் நூற்பாலை ஃபிட்டர். அவருக்கு நூல் எப்படி உண்டாகிறது என்று சொன்னார். இரண்டு வீட்டாருமே ஊருக்குப் போய், பையனுக்கு இப்போது கல்யாணத்தில் நாட்டமில்லை என்று ஒரே மாதிரி எழுதினார்கள். நாட்டமில்லாத இரண்டு பேருக்கும் அந்த வருடமே கல்யாணம் நடந்தது.

எண்பத்தாறாம் வருடம் மே மாதத்தில் மூன்றாவது வரன் வந்தது. சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து தேவகுமாரி டீச்சர் தம் ஒரே மகன் சகாயராஜுவை அழைத்துக்கொண்டு பத்தரை மணி பஸ்ஸில் வந்து இறங்கினார். அன்று காலையிலேயே செல்வமேரி கணவரை மாதா படத்துக்கு முன்னால் நிறுத்தி, கேட்டாலொழிய வாயைத் திறப்பதில்லை என்று வாக்கு வாங்கியிருந்தாள். மரியதாஸ் வாக்குத் தவறாதவர். பதினொரு நிமிடம் காப்பாற்றினார்.

காபி வந்தது. அதுதான் வினையாகிவிட்டது. ஒரு காபி எஸ்டேட் ரைட்டர் வீட்டில், காபி பூப்பதிலிருந்து தொடங்காமல் அதை எப்படிக் குடிப்பது? பூ, காய், பழம், தோல் உரிப்பு, உலர்த்தல், வறுவல் என்று அவர் ஒவ்வொன்றாக வந்து, “காபிய மட்டும் சூடாக் குடிச்சரோணுமுங்க. ஆறுச்சுன்னா அது காபியே இல்லீங்க” என்று முடித்தபோது, டம்ளர்களின் மேல் ஆடை படிந்திருந்தது. டீச்சர் அதை விரலால் ஒதுக்கிவிட்டு, கடியாரத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையைச் செல்வமேரி ஏற்கனவே இரண்டு முறை பார்த்திருக்கிறாள்.

அதுவரை வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளைப் பையன் அப்போதுதான் முதல்முறையாகப் பேசினான்.

“இங்க ஏதோ பழைய ஏரோப்ளேனெல்லாம் வெச்சிருக்காங்களாமுங்க?”

செல்வமேரி அவசரமாகக் குறுக்கிட்டாள். “வேண்டாங்க தம்பி, ஏரிக்குப் போலாமுங்க. படகு உடறாங்க” என்றாள்.

“ஏரில என்ன இருக்குது, தண்ணி” என்று மரியதாஸ் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். லூர்துசெல்வியையும் சேர்த்து ஐந்து பேரும் கிளம்பினார்கள்.

வெள்ளக்கடை போகும் சாலையில், விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் காபித் தோட்டம் வாங்கிக் குடியேறியிருந்தார். அவர் எங்கெங்கோ எழுதிப்போட்டு நாலு பழைய விமானங்களை வாங்கி, இறக்கைகளைக் கழற்றி லாரிகளில் ஏற்றி, கொண்டையூசி வளைவு ஒவ்வொன்றிலும் முன்னே இரண்டடி பின்னே ஓரடி என்று நகர்த்தி மலைக்குக் கொண்டுவந்தார். அவை ஏறி முடிக்கும்வரை சேலம் பஸ்கள் அடிவாரத்தில் நின்றன. பிறகு காபி உலர்த்தும் களத்தின் மேல் தகரக் கொட்டகை போட்டு, இறக்கைகளைத் திரும்பப் பூட்டி, ஒவ்வொன்றுக்கும் முன்னால் சுத்தமான தமிழில் ஒரு பலகை வைத்தார். காவலுக்குச் சின்னத்தம்பி.

விமான விஷயத்தில் மரியதாஸின் தகுதி என்ன என்று நீங்கள் கேட்கலாம். எஸ்டேட் முதலாளியை வழியனுப்ப ஒரு முறை மீனம்பாக்கம் போயிருக்கிறார். மூன்று விமானங்கள் கிளம்பியதைக் கம்பிவேலிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறார். போதாதா?

பலகைக்கும் பார்வையாளருக்கும் நடுவில், பலகைக்கு முதுகைக் காட்டி நிற்பது விளக்குமாறரின் பழக்கம். சகாயராஜுவோ பலகை படிக்கிற பிறவி. அவன் இடப்பக்கம் எட்டிப் பார்த்தால் மரியதாஸ் இடப்பக்கம் சாய்ந்தார். வலப்பக்கம் போனால் இவரும் வலப்பக்கம் வந்தார்.

முதலில் நின்றது டைகர் மாத் என்கிற பயிற்சி விமானம். மேலும் கீழுமாக இரண்டு அடுக்கு இறக்கை, மரச்சட்டத்தின் மேல் துணி.

“ஏனுங்க ரெண்டு றெக்கை? அந்தக் காலத்துல மழை நொம்பப் பெய்யுமுங்க. மேல இருக்கறது நனைஞ்சாலும் கீழ இருக்கறது காய்ஞ்சு கெடக்குமில்லீங்க?”

டீச்சர் முப்பது வருடம் வகுப்பறையில் நின்றவர். தப்பான விடையைக் கேட்டால் அவருடைய வலது கை தானாகச் சிவப்புப் பேனாவைத் தேடும். இப்போது கைப்பையைத் தேடி இறுகப் பிடித்துக்கொண்டது.

அடுத்தது வாம்பயர். பின்பக்கம் இரட்டை வால்.

“ஒரு வாலு போச்சுன்னா? அதுக்குத்தானுங்க இன்னொண்ணு. லாரில ஸ்டெப்னி வெக்கறதில்லீங்களா?”

மூன்றாவது விமானத்தின் கதையைச் சொல்லவே மனம் வரவில்லை. நான்காவதாக, எல்லாவற்றிலும் சின்னதாக, நாட் என்ற போர் விமானம் நின்றது. வாலை விட்டால் ஓர் ஆள் உயரம்தான். சின்னத்தம்பி அதன் கண்ணாடி மூடியைத் தூக்கி, ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்து நிறுத்தி, உள்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

மரியதாஸ் கயிற்றைத் தாண்டினார்.

“தொடப்படாதுன்னு போட்டிருக்குதுங்க!” என்றான் சின்னத்தம்பி.

“தொடறதுக்கு ஆரு வந்தா? உக்காந்து காட்டுனாத்தான் இவங்களுக்குப் புரியும்” என்று சொல்லிக்கொண்டே அவர் சின்னத்தம்பியின் மூன்றுபடி ஏணியில் ஏறி, காலை உள்ளே விட்டு, குடையை உறையில் செருகுவதுபோல் தம்மைத் தாமே செருகிக்கொண்டார். முட்டுக்கட்டையை எடுத்தார். அது எதற்காக வைக்கப்பட்டிருந்தது என்று சின்னத்தம்பிக்கே விளக்கிவிட்டு அவன் கையில் கொடுத்தார். “பைலட்டு ஏறுனதும் இதை இப்பிடி இழுப்பானுங்க” என்று மூடியை இழுத்தார்.

டக்.

சின்னத்தம்பி தலையில் கைவைத்தான். “போச்சுங்க! அந்தக் கொண்டி ரிப்பேருங்க. உழுந்துச்சுன்னா உள்ள இருந்தும் தொறக்காது, வெளிய இருந்தும் தொறக்காது. அதுக்குத்தான் கட்டையே வெச்சிருந்தனுங்க.”

“ஐயோ மாதாவே! மூச்சு முட்டாதா?” என்று செல்வமேரி பதறினாள்.

“அதெல்லாம் முட்டாதுங்க. அடில பெரிய பெரிய ஓட்டை இருக்குது. காத்துப் போகுமுங்க. பேச்சுத்தான் வெளிய வராது.”

அவள் ஓடிப்போய் ஏணியில் ஏறிப் பார்த்தாள். கண்ணாடிக்குள் அவள் புருஷன் சௌகரியமாக உட்கார்ந்திருந்தார். வேர்க்கவில்லை. பயப்படவில்லை. கண்ணாடியைத் தட்டவில்லை. உதடுகள் அசைந்துகொண்டிருந்தன, வலது கை ஆள்காட்டி விரல் உயர்ந்திருந்தது. அவர் காப்பாற்றச் சொல்லிக் கேட்கவில்லை. விளக்கிக்கொண்டிருந்தார். ஆனால் சத்தமில்லை. ஒரு துளிகூட இல்லை. தகரக் கூரையில் சவுக்கு மரத்தின் கிளை உரசுவது கேட்டது. எங்கோ ஒரு குருவி கத்தியது. கல்யாணத்துக்குப் பிறகு அவள் முழுசாகக் கேட்ட முதல் குருவி அதுதான்.

“பஸ் ஸ்டாண்டுல மாதப்பன்னு லாரி மெக்கானிக் இருக்கானுங்க, அவன் வந்தாத்தான் ஆகும்” என்றான் சின்னத்தம்பி. “சைக்கிள்ல போய்க் கூட்டியாரதுக்கு முக்கா மணி ஆகுமுங்க. வெளிய எஸ்டேட் ஜீப்பு நிக்குது, கேட்டா பத்து நிமிசத்துல வந்தரலாம். கேக்கட்டுங்களா?”

செல்வமேரி கண்ணாடியைப் பார்த்தாள். ஏணியிலிருந்து நிதானமாக இறங்கினாள்.

“எதுக்குங்க அடுத்தவங்க ஜீப்பு? சைக்கிள்லயே போய்ட்டு வாங்க. ரோடு வளைவு. பாத்து, மெதுவாப் போங்க.”

சொல்லிவிட்டுத் திரும்பினால், டீச்சர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். செல்வமேரிக்கு முகம் சுருங்கியது. கட்டின புருஷனைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டு நிற்கிறவள் வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்?

டீச்சர் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, அவளையும் உட்காரச் சொன்னார்.

“எப்பவுமே இப்படித்தானுங்களா?”

பொய் சொல்லலாம். இன்றைக்கு மட்டும் பதட்டத்தில் பேசுகிறார் என்று சொல்லலாம். அவளுக்கு அலுத்துவிட்டது.

“எப்பவுமே இப்படித்தானுங்க. தூக்கத்துல மட்டும் கொஞ்சம் கொறையும்.”

டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று செல்வமேரி பயந்துவிட்டாள். அழவில்லை. “ஒளிக்காமச் சொல்றனுங்க” என்றார் டீச்சர், மூச்சு வாங்கி. “காபி ஆறுனப்பவே இந்த எடம் வேண்டாமுன்னு முடிவு பண்ணிட்டேன். இப்பப் பாத்தா, இவ்வளவு பொறுத்த அம்மா வளத்த பொண்ணு எங்கூட்ல பொழச்சுக்குவான்னு தோணுது. ஆனா ஒண்ணு. எம்பையன் வாயில்லாப் பூச்சி. உங்க பொண்ணும் பேசறதைக் காணோம். ஊட்ல ரெண்டும் செவுத்தப் பாத்துட்டு உக்காந்திருந்தா என்னங்க பண்றது?”

அப்போதுதான் இரண்டு தாய்மார்களுக்கும் பிள்ளைகளின் நினைவு வந்தது. திரும்பிப் பார்த்தார்கள்.

டைகர் மாத்துக்கு முன்னால் சகாயராஜு ஒரு வழியாகப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் லூர்துசெல்வி. அவள் பேசிக்கொண்டிருந்தாள்.

“அதுல எழுதியிருக்கறது தப்புங்க” என்று அவள் சொல்வது தெளிவாகக் கேட்டது. “எதுக்கு ரெண்டு றெக்கைன்னு நான் சொல்றேன், கேளுங்க.”

அப்பா இருக்கும் இடத்தில் இருபத்துநான்கு வருடமாக முறை கிடைக்காமல் காத்திருந்த பேச்சு அது. வலது கை ஆள்காட்டி விரல் மெல்ல உயர்ந்தது. செல்வமேரி அந்த விரலைப் பார்த்தாள். பையனைப் பார்த்தாள். அவன் பலகையை விட்டுவிட்டான். வாயைத் திறந்துகொண்டு அவள் முகத்தையே பார்த்தான், பிறகு சொன்னான்:

“அப்பிடீங்களா!”

“பாருங்க, எப்படிக் கலகலன்னு பேசறா!” என்று டீச்சர் பூரித்துப்போனார். “எங்கூடு நொம்ப நாளாப் பேச்சில்லாம மூங்கையாக் கெடக்குதுங்க. இந்தச் சத்தந்தான் வேணும்.”

செல்வமேரி நேர்மையானவள்தான். ஆனால் ஒரு நாளைக்கு எத்தனை உண்மையைச் சொல்வது? “ஆமாங்க” என்றாள். அங்கேயே பேசி முடித்தார்கள். ஆவணி பிறந்ததும் கல்யாணம், ஏற்காடு மாதா கோவிலில் தாலி மந்திரிப்பு, சேலத்தில் விருந்து. முடித்த சந்தோஷத்தில் இரண்டு பேரும் நாட் விமானத்தைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டினார்கள். கண்ணாடிக்குள்ளிருந்து மரியதாஸும் தலையாட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

மாதப்பன் வந்து ஒரு திருப்புளியை விட்டு நெம்பினான். மூடி திறந்ததும் வெளியே வந்த முதல் வார்த்தை, “…ஆக, அதனாலதானுங்க இதைப் போர்ல யாராலயும் புடிக்க முடியல.” அவருடைய இடது காலை உருவுவதற்குத்தான் இரண்டு ஆள் வேண்டியிருந்தது.

கல்யாணம் நிச்சயமான சேதியைச் சொன்னபோது மரியதாஸ் ஆச்சரியப்படவில்லை. “பின்ன? அத்தனை நேரம் தொண்டத் தண்ணி வத்த ஏரோப்ளேனப் பத்தி எடுத்துச் சொல்லியிருக்கறேன். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ரெண்டு பேரும் எப்படித் தலையாட்டிட்டுக் கேட்டீங்க! வெவரமா எடுத்துச் சொன்னா எந்தச் சம்பந்தமும் அமையும், மேரி.” இதை அவர் நிச்சயத்தின்போது பங்குச் சாமியாருக்கும், கல்யாணத்தின்போது பந்தியில் இருந்தவர்களுக்கும் விளக்கினார். மாப்பிள்ளை சகாயராஜு மட்டும் கேட்கவில்லை. அவனுக்கு அப்போது லூர்துசெல்வி கேக் எப்படி வெட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

மரியதாஸைப் பார்த்துச் சிரித்துவிட்டீர்கள். நல்லது. ஆனால் நடுவில் எங்காவது, நாட் விமானத்தின் மூடி அப்படிப் பூட்டிக்கொள்ளாதே என்றோ, வாம்பயருக்கு இரட்டை வால் எதற்கு என்பது எனக்கல்லவா தெரியும் என்றோ நினைத்து, பக்கத்தின் ஓரத்தில் திருத்தம் எழுத ஒரு பென்சிலைத் தேடினீர்களா? தேடியிருந்தால், வீட்டில் இருப்பவர் யாரையாவது கூப்பிட்டு, “நான் அந்த மாதிரி ஆளா?” என்று கேட்டுப் பாருங்கள். “சேச்சே, இல்லவே இல்லை” என்று அவர் சட்டென்று சொல்லிவிட்டால், அடுப்பில் ஏதோ வைத்துவிட்டு வந்திருக்கிறார், சீக்கிரம் போக வேண்டும் என்று பொருள். போகவிடுங்கள். அடுப்பில் வைத்தது ஏன் தீய்கிறது என்று மட்டும் பின்னாலேயே போய்ச் சொல்லத் தொடங்கிவிடாதீர்கள்.