கருமுக ஐயாவுக்கு ஓர் அடையாளச் சான்று

தெய்வங்களை இனி அவரவர் இஷ்டத்துக்குக் கும்பிட்டுவிட முடியாது என்று மாவட்ட நிர்வாகம் ஒரு செவ்வாய்க்கிழமை முடிவு செய்தது. எந்தக் கோயிலில் எந்தத் தெய்வம் இருக்கிறது, அது அந்தத் தெய்வம்தானா, அதற்கு என்ன ஆதாரம் என்பதையெல்லாம் சரிபார்த்து எண் வழங்கும் பொருட்டு 'தெய்வ அடையாள உறுதிப் பிரிவு' என்று ஒன்று திறக்கப்பட்டது. அதற்கு ஒரு மேலாளர், இரண்டு துணை மேலாளர்கள், இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு கையேடு. தெய்வங்களின் கருத்து கேட்கப்படவில்லை.

தைவானின் தென்மேற்குக் கரையில் ஹெய்ஷா துறை என்கிற மீனவர் ஊர். அங்கே கோயிலைப் பார்த்துக்கொள்பவள் கோ ஷுய்-லியென். ஐம்பத்திரண்டு வயது. காலையில் சிப்பி உடைப்பாள். மிச்ச நேரத்தில் கோயிலைப் பெருக்கி, ஊதுவத்தி ஏற்றி, வாடின ஆரஞ்சுப் பழத்தை எடுத்துவிட்டு வாடாததை வைப்பாள். சன்னிதியில் இருப்பவர் கருமுக ஐயா. அவளுடைய பாட்டனாரின் அப்பா காலத்தில், ஒரு புயல் ஓய்ந்த மறுநாள் வலையில் வந்து விழுந்தவர். முகம் கறுப்பாக இருந்ததால் கருமுக ஐயா. அதற்கு மேல் அவரைப் பற்றி யாரும் விசாரித்ததில்லை, அவரும் ஊரைப் பற்றி விசாரித்ததில்லை.

குளிர்காலத்தில் மடவை மீன் கூட்டம் கூட்டமாகக் கரையோரம் வரும். பத்து நாள்தான். அந்தப் பத்து நாளில் பிடித்தால் ஊர் ஒரு வருஷம் சாப்பிடும். கருமுக ஐயாவை முதல் படகில் சுக்கான் பக்கத்தில் கயிற்றால் கட்டி உட்கார வைத்தால்தான் பதினேழு படகும் கிளம்பும். முதல் படகு ஷுய்-லியெனின் தம்பி ஆ-மூவுடையது.

இந்த வருஷம் மடவை வந்து இரண்டாம் நாள், துங் ஷீ-யுவான் என்ற துணை மேலாளர் கையேட்டோடு வந்து சேர்ந்தார். சட்டைப் பையில் நாலு பேனா. செருப்பைக் கழற்றினார், கும்பிடவில்லை.

"அடையாளம் உறுதியாகாத ஒருத்தரைக் கும்பிடறது விதிமீறல்" என்று விளக்கினார். "முகத்தோட நிறம்?"

"கறுப்புங்க சார்."

துங் பக்கத்தைப் புரட்டினார். "கறுப்பு முகத்துல மூணு பேர் இருக்காங்க. முதலாவது, வடதிசைப் பேரரசர். வெறுங்கால், காலடியில ஆமையும் பாம்பும். கால் எப்படி?"

ஷுய்-லியென் பட்டுத்துணியைத் தூக்கிக் காட்டினாள். ஒரு காலில் செருப்பு இருந்தது. இன்னொன்று வெறுங்கால்.

துங் வெகுநேரம் அந்தக் கால்களையே பார்த்தார். படிவத்தில் 'உண்டு', 'இல்லை' என்று இரண்டே கட்டங்கள்.

"எப்பவுமே இப்படித்தானா?"

"கடல்ல வந்தவருங்க. ஒண்ணு கழண்டிருக்கும்."

"ஆமை? பாம்பு?"

"அதுவும் கழண்டிருக்குமோ என்னவோ."

"ஊகத்துக்குக் கட்டம் கிடையாதும்மா. ரெண்டாவது, நீதிபதி. நெத்தியில பிறை இருக்கணும், இல்லை. மூணாவது, கடலம்மா. அவங்களுக்கும் சில ஊர்ல முகம் கறுப்புதான். ஆனா பெண். இவருக்கு மோவாயில அஞ்சு ஓட்டை இருக்கே?"

"தாடி சொருகின ஓட்டைங்க."

"அப்ப கடலம்மா இல்லை" என்று திருப்தியோடு அந்தப் பெயரை அடித்தார். பிறகு கைக்குட்டையை நனைத்து ஐயாவின் கன்னத்தில் ஓர் ஓரமாகத் தேய்த்தார். எத்தனையோ வருஷத்து ஊதுவத்திப் புகை விலகி, அடியிலிருந்து சிவப்பு எட்டிப் பார்த்தது.

"பாத்தீங்களா! இவர் சிவப்பு முகத்தார். போர்வீரர். நீளத் தாடி, பச்சை அங்கி, கையில பிறைக்கத்தி." இன்னும் கொஞ்சம் தேய்த்தார். சிவப்புக்கு அடியில் பொன் நிறம் வந்தது. பொன்னுக்கு அடியில் ரோஜா நிறம். ஒவ்வொரு தலைமுறையும் அந்தந்தக் காலத்தில் எந்தத் தெய்வத்துக்கு மவுசோ அதன் சாயத்தை ஐயாவுக்குப் பூசிப் பார்த்திருக்கிறது என்பது அரசுக் கைக்குட்டையால் அன்று நிரூபணமானது.

துங் சோர்ந்து போனார். ஐயாவின் வலது கை முஷ்டியில் ஒரு துளை இருந்தது. எதையோ பிடித்திருந்த கை. "இதுல என்ன இருந்துது?"

"தெரியாதுங்க."

"யாருக்குமே தெரியாதா?"

"அவருக்குத் தெரியும். கேட்டுப் பாக்கறீங்களா?"

அவள் பிறை வடிவ மரத்துண்டுகள் இரண்டை அவர் கையில் கொடுத்தாள். ஒன்று தட்டைப் பக்கம் மேலாகவும் ஒன்று குப்புறவும் விழுந்தால் ஐயா ஆமாம் என்கிறார். இரண்டும் குப்புற விழுந்தால் இல்லை. துங் தொண்டையைச் செருமிக்கொண்டார். "மேற்படி கையில் இருந்த பொருள் கத்திதானா என்பதைத் தாங்கள் உறுதிப்படுத்துமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்" என்று சொல்லிப் போட்டார். இரண்டும் தட்டைப் பக்கம் மேலாக விழுந்தன.

"இதுக்கு என்ன அர்த்தம்?"

"சிரிக்கறாருங்க."

மூன்று முறை போட்டார். மூன்று முறையும் ஐயா சிரித்தார். 'விசாரணைக்கு ஒத்துழைக்கவில்லை' என்று துங் எழுதினார். அதன் கீழே முடிவு: 'அடையாளம் உறுதி செய்யப்படாத மரப்பொருள்.'

மறுநாளே துறைமுகச் சோதனைச் சாவடியில் ஒரு சுற்றறிக்கை ஒட்டப்பட்டது. சான்றில்லாத தெய்வம் படகேறக் கூடாது. பதினேழு படகும் கயிற்றில் ஆடிக்கொண்டிருந்தன. வெளியே கடலில் மடவை துள்ளுவது கரையிலிருந்தே தெரிந்தது.

"அவர் இல்லாமப் போனா என்ன? நம்ம மனசுல இருக்காரே" என்றாள் ஷுய்-லியென்.

"மனசுல இருக்கட்டும் அக்கா. படகுலயும் இருக்கணும்" என்றான் ஆ-மூ. "போன வருஷம் பக்கத்து ஊர்க்காரன் சாமியில்லாமப் போய், மூணு வலையைப் பாறையில குடுத்துட்டு வந்தான். நம்மாளு ஒருத்தனும் ஏற மாட்டான். நானும்தான்."

அந்த நேரத்தில்தான் கோயில் குழுத் தலைவர் பாய் தியென்-ஃபூ பாக்கை மென்றபடி உள்ளே வந்தார். காலத்தை அறிந்த மனிதர். பக்கத்து நகரத்துக் கோயிலில் சுவரெல்லாம் ரோஜா நிறம் அடித்து, கல்யாணம் கூட்டிவைக்கும் கிழவனார் சாமியை வாசலுக்குக் கொண்டுவந்ததிலிருந்து, இளசுகள் வரிசை கட்டி நின்று படம் எடுத்துக்கொள்வதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"இப்ப கல்யாணச் சாமிதாம்மா ஓடுது. நம்ம ஐயாவுக்குத் தாடி ஓட்டை தயாரா இருக்கு, கையில துளை தயாரா இருக்கு. அப்புறம் என்ன?"

"தலைவரே, அவர் கல்யாணச் சாமின்னு யார் சொன்னா?"

"இல்லைன்னு யார் சொன்னா? அவர் சொல்லலையே!"

நாடகக் கம்பெனியிலிருந்து வெள்ளைத் தாடி வந்தது. முஷ்டித் துளையில் ஊன்றுகோல் ஏறியது. இடது தோளில், ஜோடிகளை முடிச்சுப் போட, சிவப்பு நூல்கண்டு. கறுத்த முகத்துக்குத் தலைவரின் மனைவி தன் முகப்பவுடரைத் தியாகம் செய்தாள். அன்று பிற்பகலே எங்கிருந்தோ இரண்டு பெண்கள் ஸ்கூட்டரில் வந்து, ஐயாவோடு கன்னத்தை ஒட்டிப் படம் எடுத்துக்கொண்டு, நல்ல மாப்பிள்ளையாக அனுப்பச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஐயா பவுடருக்குள்ளிருந்து விழித்துக்கொண்டிருந்தார். ஷுய்-லியெனுக்கு அவரை ஏறிட்டுப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. தெரிந்தவர் ஒருவர் வேஷம் கட்டிக்கொண்டு தெருவில் நிற்பது போல.

துங் மறுபடி வந்தார். கையேட்டையும் ஐயாவையும் மாறி மாறிப் பார்த்தார். வெள்ளைத் தாடி, சரி. கோல், சரி. சிவப்பு நூல், சரி. துங்கின் முகம் முழுக்க மலர்ச்சி.

"இப்பத்தான் பாக்கத் தெய்வம் மாதிரி இருக்கார்! முதல்லயே இப்படி ஒத்துழைச்சிருந்தா இவ்வளவு தாமதம் ஆகியிருக்காதே."

முத்திரை குத்தினார். எண் கொடுத்தார். ஆ-மூ ஐயாவைத் தோளில் தூக்கிக்கொண்டு துறைமுகத்துக்கு ஓடினான். சோதனைச் சாவடி அதிகாரி சான்றை நிதானமாகப் படித்தார்.

"கல்யாணச் சாமி. துறை: திருமணம். வகை: தரை." நிமிர்ந்து பார்த்தார். "கடல்ல யாருக்குப்பா கல்யாணம்?"

"யாருக்கும் இல்லீங்க."

"அப்ப இவருக்கு அங்க என்ன வேலை? பயண நோக்கம்னு ஒரு கட்டம் இருக்கு, அதுல என்ன எழுதறது? மீனுக்கு ஜோடி சேக்கப் போறாருன்னா?"

படகில் இருந்தவர்களே சிரித்துவிட்டார்கள். ஆ-மூ சிரிக்கவில்லை. மடவை வந்து ஆறு நாள் ஆகியிருந்தது.

வகையைத் தரையிலிருந்து கடலுக்கு மாற்ற என்ன வழி என்று கேட்க ஷுய்-லியென் பஸ் பிடித்து மாவட்ட அலுவலகத்துக்குப் போனாள். பதினான்கு இணைப்புகள், மூன்று சாட்சிகள், தெய்வத்தின் முந்தைய பணி அனுபவம், நாற்பது வேலை நாள். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து அழக்கூடத் தோன்றாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரில் படகு ஆட்களுக்கான படிவம் மாதிரிக்கு ஒட்டியிருந்தது. பெயர், வயது, வேலை, ஒரு புகைப்படம். ஒரே ஒரு தாள். ஒரு மணி நேரத்தில் கிடைக்கும் என்று கீழே போட்டிருந்தது.

ஒரு தெய்வம் படகேற வேண்டுமானால் அரசாங்கத்துக்கு ஆயிரம் சந்தேகம் வருகிறது. ஒரு சமையல்காரன் ஏற வேண்டுமானால் ஒரு சந்தேகமும் வருவதில்லை. இதை உணர்ந்த கணத்தில் அவள் எழுந்து நின்றாள்.

கோயிலுக்குத் திரும்பியதும் தாடியைப் பிடுங்கினாள். ஈரத்துணியால் பவுடரைத் துடைத்தாள். பழைய கறுப்பு முகம் வந்ததும் "மன்னிச்சுக்கோங்க ஐயா, இன்னும் ஒரே ஒரு தரம்" என்றாள். ஆ-மூ படகிலிருந்து பெரிய கரண்டியைக் கொண்டுவந்து முஷ்டித் துளையில் செருகினான். அளவெடுத்துச் செய்தது போல் உட்கார்ந்தது. சட்டை மாட்டிவிட்டுப் படம் எடுத்தார்கள்.

வயதுதான் தகராறு. ஊர்க் கணக்கில் நூற்றுப் பதினாறு. கட்டத்தில் இரண்டு இலக்கத்துக்குத்தான் இடம். தொண்ணூற்றொன்பது என்று போட்டார்கள். மாவட்ட அலுவலகத்தில் கொடுத்த ஒரு மணி நேரத்தில் தாள் கையில் வந்தது.

சாவடி அதிகாரி புகைப்படத்தைப் பார்த்தார். சுக்கானருகே கயிற்றால் கட்டப்பட்டு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"ஆள் இவர்தான். முகம் சரியா இருக்கு" என்றார். "தொண்ணூத்தொம்பது வயசுல கடலுக்கா?"

"உழைச்சாத்தானே சார் சாப்பாடு" என்றாள் ஷுய்-லியென்.

"எனக்கும் ஓய்வு பெற இன்னும் ஏழு வருஷம் இருக்கும்மா" என்று பெருமூச்சு விட்டார் அதிகாரி. "ஏன் கட்டி வச்சிருக்கீங்க?"

"அலையில தடுமாறுவார்."

"பேசவே மாட்டேங்கறாரே?"

"வேலை: சமையல்னுதானே போட்டிருக்கு. பேசணும்னு எங்கயும் போடலையே."

அதிகாரி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். போட்டிருக்கவில்லைதான். முத்திரை விழுந்தது.

மிச்சமிருந்த மூன்று நாளில் பதினேழு படகும் ததும்பத் ததும்ப மடவையோடு வந்தன. ஊரெங்கும் பலகைகளில் மீன்சினை வெயிலில் காய்ந்தது. கோயிலில் படையலுக்கு ஆமை வடிவச் சிவப்புப் பணியாரம் மலையாகக் குவிந்தது. ஆனால் ஊர் வாயைப் பிளந்தது மீனைப் பார்த்து அல்ல. மாவட்ட அலுவலகத்தில் ஒரு மணி நேரத்தில் ஒரு காகிதம் வெளியே வந்ததாமே! மீன் எல்லாத் தெய்வமும் கொடுக்கும். இதை எந்தத் தெய்வம் கொடுத்தது?

செய்தி பரவியது. வீட்டு வரைபடத்துக்கு அனுமதி கேட்டு நாலு வருஷமாக அலைந்தவர் வந்தார். ஓய்வூதியத்தில் பெயர் தப்பாக விழுந்த வாத்தியார் வந்தார். கோப்போடு வந்து ஐயாவின் கரண்டியில் கோப்பைத் தொட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். தலைவர் ரோஜா நிறச் சாயத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கோப்பு நிறத்தில் ஒரு சாயம் வாங்கிச் சுவருக்கு அடித்தார். கையேட்டின் இரண்டாம் பதிப்பில் இருநூற்றுப் பதின்மூன்றாம் பக்கம் சேர்ந்தது: 'கோப்பு நகர்த்தும் ஐயா. கறுப்பு முகம், ஒற்றைச் செருப்பு, வலக்கையில் கரண்டி.'

ஒருநாள் துங்கே வந்தார். கையில் ஆரஞ்சு, பையில் பதவி உயர்வு மனு. இந்தத் தடவை செருப்பைக் கழற்றினார், கும்பிடவும் செய்தார்.

"இவரை இப்ப அடையாளம் தெரியுதா சார்?" என்று கேட்டாள் ஷுய்-லியென்.

"ஏன் தெரியாம? அதான் கரண்டி இருக்கே!"

அவர் போன பிறகு அவளுக்கு அடக்க முடியாத சிரிப்பு. கன்னம் வலிக்கச் சிரித்தாள். முகத்தைப் பார்க்காமல் கரண்டியைப் பார்த்துக் கும்பிடுகிற முட்டாள்கள் என்று எதிர்வீட்டுக்காரியிடம் ஒரு வாரம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள்.

அடுத்த வாரம் ஒரு காலையில் வழக்கம்போல் ஊதுவத்தியை ஏற்றிக்கொண்டு சன்னிதிக்கு முன்னால் வந்தாள். குனியப் போனவள் நின்றாள். ஊதுவத்திச் சாம்பல் விரலில் விழுந்தது. எதிரே ஒரு கறுத்த மரமுகம், ஓட்டை விழுந்த மோவாய், வெறும் முஷ்டி. யாரோ போல இருந்தார். என்ன வேண்டுவது, எப்படிக் கூப்பிடுவது என்றே அவளுக்கு வரவில்லை.

வாசலுக்கு ஓடினாள். "ஆ-மூ! கரண்டியை எங்கடா கொண்டுபோனே?"

"படகுலதான் அக்கா! மீன் குழம்புக்கு எடுத்தேன்!"

படகுத்துறைக்கே போய்ப் பிடுங்கிவந்தாள். குழம்பு சொட்டச் சொட்ட ஐயாவின் கையில் செருகி, இரண்டடி பின்வாங்கி நின்று பார்த்தாள்.

இப்போது சரியாக இருந்தது. விழுந்து கும்பிட்டாள்.